பதினொரு பேர் கேட்ட கார்

ஸஹாப்தீனுக்குப் பதினொரு பேர் கை கொடுத்தார்கள். அந்தப் பதினொரு கைதான் அவரைக் கெடுத்தது. மாத்தளையில் சிலர் இந்தக் கதையை இன்னமும் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறதோ, அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அவர் பஸ் பொடி, அதாவது பஸ்ஸின் மேற்கூடு, கட்டுகிறவர். கொழும்பிலிருந்து வெறும் சட்டமும் எஞ்சினுமாக வந்து நிற்கும் வண்டியின்மேல் ஹல்மில்ல மரத்தால் கூடு அடித்து, தகடு போர்த்தி, ஜன்னலும் சீட்டும் வைத்து நாற்பது நாளில் பஸ்ஸாக்கி வீதிக்கு அனுப்பிவிடுவார். மரவேலைக்கு அழகமுத்து என்ற ஓடாவி கூட இருந்தார். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, உளியை எடுத்துக்கொண்டு டவுனுக்கு இறங்கிய மனிதர். கொங்காவெலயில் இருந்த கராஜில் இருவரும் சேர்ந்து கட்டிய பஸ்கள் நாவுலவுக்கும் யட்டவத்தைக்கும் ஓடின. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அரசாங்கம் பஸ்களை எடுத்துக்கொண்டது. பஸ் முதலாளிமார் வீட்டில் உட்கார்ந்தார்கள், ஸஹாப்தீனும் உட்கார்ந்தார். அதன்பிறகு கராஜுக்கு வந்ததெல்லாம் நெளிந்த மட்கார்டும் ஒடுங்கிய கதவும்தான். பஸ் கட்டிய மனிதருக்கு அது ஒரு வேலையா?

அவருடைய வாப்பா யாகூப் மாட்டு வியாபாரி. நாவுல பக்கத்தில் மாடு வாங்கி யட்டவத்தைச் சந்தையில் விற்றவர். அந்த வியாபாரத்தில் எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. விலை சரியென்றால் வலது கையை நீட்டுவார்கள். மற்றவர் அதைப் பிடித்துவிட்டால் பேச்சு முடிந்தது. பிடித்த மறு நிமிடம் மாடு அங்கேயே சுருண்டு விழுந்து செத்தாலும், செத்தது வாங்கினவனுடைய மாடு. யாகூப்புக்கு ஒருமுறை அப்படியே நடந்தது. முகம் சுளிக்காமல் விலையைக் கொடுத்துவிட்டு நாவுலயிலிருந்து வெறும் கயிற்றோடு நடந்து வந்தார். அந்த வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர் ஸஹாப்தீன் என்பதை மறக்காமல் மிச்சத்தைக் கேளுங்கள்.

அறுபத்திரண்டில், வெளிநாட்டுக் கார் வருவது ஏறக்குறைய நின்றுபோயிருந்த நேரம், மாத்தளையில் கார்ப் பைத்தியம் பிடித்த பதினொரு பேர் இருந்தார்கள். சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு மாதத்தின் முதல் ஞாயிறு ரெஸ்ட் ஹவுஸில் கூடுவார்கள். தலைவர் எக்கநாயக்க, வழக்குகள் பார்க்கும் புரொக்டர். ஆஸ்பத்திரி டொக்டர் ஒருவர், ரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் பெரியதுரைக்கு அடுத்தபடியாக இருந்த சின்னத்துரை, பேங்கில் வேலை செய்த இருவர், அப்படி இப்படி இன்னும் சிலர். கொக்கோ மொத்த வியாபாரி இத்ரூஸ் ஹாஜியாரின் மகன் ஹுசைனும் அதில் ஒருவர். பதினொரு பேரில் முஸ்லிம் அவர் மட்டும்தான்.

ஒரு ஞாயிறு புரொக்டரின் கார்க் கதவு தொங்கிப்போயிருந்தது. அதைச் சரிசெய்ய ரெஸ்ட் ஹவுஸுக்கே வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். ஸஹாப்தீன் கீழே குந்தியிருந்து கதவுக் கீலைப் பூட்டிக்கொண்டிருக்க, மேலே விறாந்தையில் பதினொரு பேரும் தங்களுக்கு எப்படிப்பட்ட கார் வேண்டும் என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலமும் சிங்களமும் தமிழும் கலந்த பேச்சு. டொக்டருக்குப் பாரம் ஆகாது. நான்கு பேர் சேர்ந்தால் தூக்கித் திருப்பி வைக்கிற மாதிரி இருக்க வேண்டுமாம். சின்னத்துரைக்குக் கூரை வேண்டாம், தலையில் காற்று அடிக்க வேண்டும், இடுப்பு வீதியில் உரசுகிற மாதிரி தாழ உட்கார வேண்டும். பேங்க்காரர் ஒருவருக்குப் பின்சில்லுதான் சுழன்று காரைத் தள்ள வேண்டும். வளைவில் பின்பக்கம் கொஞ்சம் வழுக்கவும் வேண்டும், ஆனால் ஆளைக் கொல்லக்கூடாது.

"சீட் ரெண்டே ரெண்டு" என்றார் புரொக்டர். "மூணாவது சீட் இருந்தா மாமியார் ஏறி உக்காந்துக்குவா."

எல்லோரும் சிரித்தார்கள். ஹுசைனுக்குச் சத்தம் வேண்டும். பலகடுவக் கணவாயில் ஏறும்போது கீழே அலவத்துகொடையில் கடைக்குள் இருக்கிறவனுக்குக் கேட்க வேண்டும். இவ்வளவும் சம்பளக்காரன் வாங்குகிற விலையில் வேண்டும் என்பதில் பதினொரு பேருக்கும் ஒரே கருத்து. அப்படி ஒரு காரை யாராவது செய்தால் மறு பேச்சில்லாமல் எடுப்பேன் என்று ஒருவர் மாறி ஒருவர் சொன்னார்கள்.

ஸஹாப்தீன் திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்தார்.

"ரேடியோ வேணுமா, சேர்?"

"என்னத்துக்கு? எஞ்சின் சத்தம் போதும்."

"பக்கத்துக் கண்ணாடி?"

"முன்னால ஒண்டு இருந்தாக் காணும்."

"அப்ப ஒரு பஸ்ஸில நாலுல ஒரு பங்கு வேல கூட இல்லியே. பழைய சின்னக் காரொண்டு அகப்பட்டா, சட்டத்தத் தாழ வெட்டி, புதுப் பொடி அடிச்சி, நான் செஞ்சி தாறேன்." விலையையும் சொன்னார். அந்த விலைக்கு நல்ல மோட்டார் சைக்கிளே கிடைக்காது. "எடுப்பீங்களா?"

"எடுக்காம?" புரொக்டர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து கையை நீட்டினார். ஸஹாப்தீன் தன் கை கிறீஸாக இருக்கிறதே என்று இடுப்புச் சாரத்தில் துடைக்கப் பார்த்தார். பரவாயில்லை என்று அப்படியே பிடித்துக் குலுக்கினார் புரொக்டர். பின்னாலேயே டொக்டர், சின்னத்துரை, பேங்க்காரர்கள். கடைசியாக ஹுசைன். வெள்ளைச் சேர்ட்டின் கைப்பட்டியில் கிறீஸ் பட்டதையும் அவர் பொருட்படுத்தவில்லை. எண்ணிப் பார்த்தார் ஸஹாப்தீன். பதினொன்று.

மனுஷன் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்துதான் வந்தார்.

"பதினொரு காருக்குக் கை விழுந்தீக்கி" என்றார் மனைவி மஸூதாவிடம்.

மஸூதா இலேசில் மயங்குகிற பெண் அல்ல. "பெரிய மனுசருங்க பகிடிக்குக் குடுத்தீப்பாங்க."

"ஹாஜியார்ட மவனும் குடுத்தார்."

மற்றப் பத்துப் பேரையும் அவளுக்குத் தெரியாது. இத்ரூஸ் ஹாஜியார் வீட்டுப் பிள்ளைக்குக் கையின் பெறுமதி தெரியாமலா இருக்கும்?

பழைய கார் வாங்கவும் தகடு வாங்கவும் கையில் முதல் இல்லை. இருந்தது மஸூதாவின் சீதனமான யட்டவத்தைத் தோட்டம். இரண்டு ஏக்கர், கொக்கோவும் மிளகும். மகள் ஸுபைதாவுக்கென்று வைத்திருந்தது. அவளுக்கு அப்போது பத்து வயது. பதினொரு காரும் போனதும் அதைவிடப் பெரிய தோட்டம் வாங்கலாம் என்றார் ஸஹாப்தீன். மஸூதா ஒருநாள் முழுக்க யோசித்து, மறுநாள் பெட்டியிலிருந்த காணி உறுதியை எடுத்துக் கொடுத்தாள். கொக்கோத் தோட்டத்தைக் கொக்கோ வியாபாரியைத் தவிர யார் வாங்குவார்? இத்ரூஸ் ஹாஜியார் வீட்டுக்கே வந்து, விலை சொல்லி, கையை நீட்டினார். ஸஹாப்தீன் பிடித்தார். திரைக்கு உள்ளே நின்ற மஸூதாவுக்குக் கை சேர்ந்த சத்தம் கேட்டது. "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். கை சேர்ந்த பிறகு சொல்லி என்ன பலன்?

கண்டியிலும் குருநாகலிலும் தோட்டத்து ஷெட்டுகளிலும் ஓடாமல் கிடந்த பழைய மொரிஸ் கார்கள் பதினொன்றைத் தேடிப் பிடித்து இழுத்து வந்தார். முதல் காருக்குப் பத்து மாதம் பிடித்தது. சட்டத்தை வெட்டித் தாழ்த்தினார். எஞ்சினை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளி வைத்தார், பாரம் முன்னால் குவியக் கூடாதென்று. அழகமுத்து ஹல்மில்லயை விரல் பருமனுக்குச் சீவி, அவித்து வளைத்துக் கூடு செய்தார். அதன்மேல் அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டிப் படிய வைத்தார் ஸஹாப்தீன். அவருடைய தட்டல் வேலையில் மேடு பள்ளம் கண்டுபிடிக்கக் கண்ணால் முடியாது, உள்ளங்கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். தடவினாலும் அகப்படாது. பழைய பஸ் கம்பனிக்கென்று வாங்கி மிஞ்சியிருந்த நீலப் பூச்சை அடித்தார். ஹுசைன் கேட்ட சத்தத்துக்காகப் புகைக்குழாயை மட்டும் ஐந்து தடவை மாற்றினார்.

"மொதலாளி, ஒண்ணக் கொண்டுபோய்க் காட்டிட்டு மிச்சத்துக்கு எறங்குவோங்க" என்றார் அழகமுத்து. "அட்வான்ஸாவது வாங்குனீங்களா?"

"கை குடுத்தவங்கள்ட்ட அட்வான்ஸ் கேக்கிறதா? அசிங்கம்" என்றார் ஸஹாப்தீன். மிச்சப் பத்துக் காரின் சட்டங்களையும் வெட்டித் தாழ்த்தியாகிவிட்டது. இனி அவற்றைப் பழைய காராகக்கூட ஆக்க முடியாது.

கார் ஓடத் தொடங்கிய மறுநாள் விடிந்ததும், வீதியில் ஆள் நடமாட்டம் வருமுன், மஸூதாவை ஏற்றிக்கொண்டு போனார். எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்கு அவள் தோட்டத்துக்கு என்றாள். முக்காட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு யட்டவத்தை வரைக்கும் போனாள். வளைவுகளில் கார் வீதியோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது. ஸஹாப்தீனுக்கு வாயெல்லாம் பல். தோட்டத்துப் படலையில் ஹாஜியாரின் புதுப் பூட்டுத் தொங்கியது. மஸூதா இறங்கவில்லை. காய்த்துத் தொங்கிய கொக்கோவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்ல காருதான். திருப்புங்க" என்றாள்.

அடுத்த முதல் ஞாயிறு ரெஸ்ட் ஹவுஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பதினொரு பேரும் ஓடி வந்தார்கள். ஒவ்வொருவராகப் பலகடுவ உச்சிவரை ஓட்டிவிட்டு வந்தார்கள். போகும்போது பெரிய மனிதராகப் போனவர் வரும்போது தலை கலைந்து, கண்ணில் நீர் வடிய, சின்னப் பிள்ளையாகச் சிரித்துக்கொண்டு வந்தார். டொக்டர் இரண்டு தடவை போனார். அவர்கள் கேட்டது ஒன்றுகூடக் குறையவில்லை. ஸஹாப்தீன் தூணோரம் நின்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆயுளில் நிறைந்த சந்தோஷம் என்றால் அந்த ஒன்றரை மணித்தியாலம்தான்.

பிறகு தேநீர் வந்தது. தேநீரோடு 'ஆனால்' வந்தது. டொக்டருக்கு மழை ஞாபகம் வந்தது, மாத்தளை மழையில் கூரை இல்லாமல் எப்படி என்றார். சின்னத்துரைக்கு மார்கழியில் கல்யாணமாம், வரப்போகிறவளுடைய தலைமயிர் கலையுமாம். மாமியார் ஊருக்கு வந்தால் அவளை எங்கே உட்காரவைப்பது என்று யோசித்தார் புரொக்டர். ஆம், அதே புரொக்டர்தான். பேங்க்காரர் காரின் மூக்கைத் தடவிப் பார்த்தார்.

"இதுல ஒரு பேர் இல்லையே?"

"என்ன பேர் வேணும், சொல்லுங்க. பித்தளயில வெட்டி வெச்சித் தாறேன்."

அதற்கும் சிரிப்பு. வழியில் ஒருவன் நிறுத்தி இது என்ன கார் என்று கேட்டால் என்ன சொல்வதாம்? கொங்காவெலத் தட்டல்காரன் ஸஹாப்தீன் செய்தது என்று சொல்வதாமா? இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் ஸஹாப்தீனுக்குக் காது கேட்கும். காரைக் கேட்டார்கள் என்று அந்த மனிதர் நினைத்திருந்தார். அவர்களுக்கு வேண்டியிருந்தது காரைப் பற்றிய பேச்சு. பேச்சுக்கு மழை பெய்யாது, மாமியாரும் இல்லை.

போகும்போது பதினொரு பேரும் மறுபடி கை கொடுத்தார்கள். அதுதான் கொடுமை. இரண்டாம் தரமும் கை விழுந்துவிட்டதே என்று நம்பிக்கொண்டு மனுஷன் வீட்டுக்குப் போனார்.

நாற்பது நாள் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. கடைசியில் புரொக்டரின் கந்தோருக்குப் போய், "கை தந்தீங்களே, சேர்" என்றார். புரொக்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார். கிளாக்கரைக் கூப்பிட்டு அவருக்கும் சொல்லிச் சிரித்தார். "அது மரியாதைக்குக் குடுக்கிறது, ஸஹாப்தீன். அப்படிப் பார்த்தா நான் பாதி மாத்தளையை வாங்கியிருக்கணும்!" தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். கெட்ட மனிதர் என்று திட்டவும் முடியாது. திட்ட முடிந்திருந்தால் ஆறுதலாகவாவது இருந்திருக்கும்.

அந்த வாரமே ஹுசைன் கராஜுக்கு வந்தார். வந்தது காரில்தான், இரண்டு சீட் கார். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடம், ஸஹாப்தீன் சொன்ன விலையைவிட இரண்டரை மடங்கு கொடுத்து வாங்கியிருந்தார். தரைத் தகடு துருப்பிடித்து, ஓட்டையால் வீதி தெரிந்தது. மூக்கில் மட்டும் பெயர் பளபளவென்று இருந்தது.

"நானா, இந்தத் தரையக் கொஞ்சம் அடிச்சித் தாங்களே. ஒங்கட கை வேல மாதிரி வராது" என்றார், மூத்தவரை அண்ணன் முறை வைத்து அழைத்து.

ஸஹாப்தீன் காரைப் பார்க்கவில்லை. "ஹுசைன், அந்தப் பத்துப் பேருக்கும் வெளங்காது. அவங்கட வழக்கம் வேற. நீங்க நம்மட ஆள். கை எண்டா என்ன எண்டு தெரியுந்தானே?"

"தெரியும் நானா."

"தெரிஞ்சிக்கிட்டேயா குடுத்தீங்க?"

ஹுசைன் கைப்பட்டியை இழுத்துவிட்டார். "அது ரெஸ்ட் ஹவுஸ், நானா. எல்லாரும் எழும்பிக் கை குடுக்கக்குள்ள நான் மட்டும் கையக் கட்டிக்கிட்டு ஈக்க ஏலுமா? அங்க குடுக்கிற கை வேற, இங்க குடுக்கிற கை வேற."

"ஒங்கட வாப்பா என்ட கையப் புடிச்சார், தோட்டம் போச்சி. நீங்க புடிச்சீங்க, கார் அந்தா நிக்கிது. ரெண்டும் ஒரே வூட்டுக் கைதானே?"

ஹுசைன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தர எப்ப முடியும், நானா?"

புதன்கிழமை முடியும் என்றார் ஸஹாப்தீன். புதன்கிழமை முடித்தும் கொடுத்தார். மானஸ்தன் என்றால் காறித் துப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம். அன்றைக்கு வீட்டில் அரிசி இல்லை. தரையை அவர் மோசமாகவும் அடிக்கவில்லை. அவருக்கு மோசமாக அடிக்கத் தெரியாது.

வெட்டித் தாழ்த்திய பத்துச் சட்டங்களும் இரண்டு வருஷம் மழையில் கிடந்தன. பிறகு ட்ரக்டருக்குப் பின்னால் பூட்டி நெல் மூட்டை ஏற்றும் பெட்டிகளாக மாற்றி, நாவுலவுக்கும் வில்கமுவவுக்கும் ஒவ்வொன்றாக விற்றார். வில்கமுவயில் சில்லறைக் கடையும் வயலும் வைத்திருந்த ஜமால்தீன் என்பவர் ஒன்றுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். சொன்ன நாளில் ஆறு பெருகி பஸ் நின்றுவிட, பாதி வழி ட்ரக்டரிலும் மீதி வழி நடந்துமாக வந்து சேர்ந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். நீலக் காரின் எஞ்சினும் பிற்காலத்தில் அவரிடமே போனது, வயலுக்குத் தண்ணீர் இறைக்க. மழமழவென்று தட்டிய தகடுகளை ஸஹாப்தீன் தானே கழற்றினார். அதற்குள் அவர் பஸ் டிப்போவில் தட்டல் வேலைக்குச் சேர்ந்திருந்தார். தான் கட்டிய பஸ்களுக்கே ஒட்டுப் போடுகிற வேலை.

ஸுபைதாவுக்கு இருபது வயதானது. அக்குறணையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் யட்டவத்தைத் தோட்டத்தைப் பற்றி விசாரித்தார்கள். இல்லை என்றதும் தேநீரைக் குடித்து முடிக்காமல் எழுந்தார்கள். அப்படியே மூன்று இடம் தட்டிப்போனது. கடைசியில் ஜமால்தீன் கேட்டு அனுப்பினார். மனைவியை இழந்தவர், ஸுபைதாவைவிடப் பதினாறு வயது மூப்பு. தோட்டம் துரவு ஒன்றும் வேண்டாம் என்றார். மஸூதா மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டுச் சம்மதித்தாள்.

நிக்காஹ் அன்று ஹுசைன் முன்வரிசையில் இருந்தார். இப்போது அவரே ஹாஜியார், பள்ளிவாசல் தலைவர், அவரை அழைக்காமல் முடியாது. லெப்பை சொல்லிக் கொடுக்க, ஸஹாப்தீன் ஜமால்தீனின் வலது கையைப் பிடித்து, தன் மகளைக் கொடுக்கும் வாசகத்தைச் சொன்னார். ஏற்றுக்கொண்டேன் என்றார் ஜமால்தீன். வயல் வேலையில் காய்ச்சுப்போன கை. அந்தக் கையை ஸஹாப்தீனுக்கு ஏற்கெனவே தெரியும். பிடித்தது பிடித்தபடி சற்று நேரம் விடாமல் இருந்தார்.

துஆ முடிந்ததும் சபை எழுந்தது. ஹுசைன்தான் முதலில் வந்தார். சிரித்த முகத்தோடு இரண்டு கையையும் நீட்டினார். "முபாரக், நானா."

ஸஹாப்தீன் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எந்தக் கை, ஹாஜியார்?" என்றார், சத்தம் போடாமல். "அங்க குடுக்கிறதா, இங்க குடுக்கிறதா?"

சபையில் பாதிப் பேருக்கு விளங்கவில்லை. விளங்கியவர்கள் தரையைப் பார்த்தார்கள். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு தொப்பியைச் சரிசெய்யப் போனது. சாப்பாட்டுக்கு நிற்காமல் ஹுசைன் போய்விட்டார்.

பின்னேரம் மகளும் மருமகனும் வில்கமுவவுக்குப் புறப்பட்டுப் போனபின் மஸூதா கேட்டாள்: "நல்ல நாளும் அதுவுமா, அந்தக் கையப் புடிச்சிருந்தா என்ன கொறஞ்சா போயிரும்?"

"கொறய இனி என்ன மிச்சம் ஈக்கி?" என்றார் ஸஹாப்தீன். மஸூதா விருந்தின் எச்சில் சகன் தட்டுகளைக் கழுவ எழுந்து போனாள்.